பாரிஸ் பாணி உடை, கைக்கு எட்டும் விலையில்: ஒரு தையல்காரியின் பதில்கள்

பாரிஸில் லாச்சப்பல் பக்கம் பல ஆண்டுகளாக உடை திருத்தும் வேலை செய்கிறேன். விலை கூடிய உடையையும் மலிவு உடையையும் ஒரே மேசையில் பிரித்துத் தைப்பதால், எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பது என் கைக்குப் பழகிவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, செசான் பிராண்ட் கார்டிகன் (முன்பக்கம் பொத்தான் வைத்த பின்னல் மேல்சட்டை) மேல் எனக்குக் கொள்ளை ஆசை. நூறு யூரோ கொடுக்க வசதியில்லை. அதே மாதிரி மலிவாக எங்கே வாங்கலாம்? (லா கூர்னவ்)

தங்கச்சி, 'அதே மாதிரி' என்று தேடினால் அதே நிறத்தில், அக்ரிலிக் என்ற செயற்கை இழையில் பின்னிய கார்டிகன்தான் அகப்படும். நாலு முறை துவைத்ததும் அக்குளில் நூல் உருண்டை உருண்டையாகத் திரளும். பழைய உடைகளை வாங்கி விற்கும் வின்டெட் செயலியில் பிராண்டின் பெயரை விட்டுவிட்டு மெரினோ, மொஹேர், அல்பக்கா என்று இழையின் பெயரைத் தேடுங்கள். பெயர் பெறாத நல்ல கம்பளி உடைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: உள் லேபிள், முழங்கை, அக்குள். பாதிக்கு மேல் கம்பளி இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

பிறகு பொத்தானை மாற்றுங்கள். இந்தக் கார்டிகன்களின் அழகில் பெரும்பங்கு பொத்தானுக்கே உரியது. மோன்மார்த்ர் அடிவாரத்தில், சென்-பியேர் துணிச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் நல்ல பொத்தான்கள் கிடைக்கும். கார்டிகனை நேரில் பார்த்து வாங்க விரும்பினால், பழைய பொருள்களை விற்கும் எமாயுஸ் என்ற தொண்டு அமைப்பின் கடைகளுக்குப் போங்கள். பொறுமையாகத் துழாவுகிறவர்களுக்கு அங்கே நல்ல கம்பளி கிடைக்கும்.

வேலைக்குப் போட சான்ட்ரோ அல்லது மாஜ் பிராண்ட் பிளேசர் வேண்டும். அவுட்லெட்டில் (பிராண்டுகளின் கழிவு விலைக் கடையில்) வாங்கலாமா? (சார்செல்)

வாங்கலாம். ஆனால் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைத்த சரக்கும் அங்கே தொங்கும் என்பதை நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால், அரசு அனுமதிக்கும் 'சோல்ட்' என்ற தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருப்பது நல்லது. ஜனவரியில் நான்கு வாரம், ஜூன் கடைசியில் தொடங்கி நான்கு வாரம். முதல் நாள்களில் அளவு கிடைக்கும், கடைசி நாள்களில் விலை இறங்கும்.

எங்கே வாங்கினாலும் தோளைப் பாருங்கள். தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளைத் திருத்த வேண்டுமென்றால் கையைக் கழற்றி, உள்துணியைப் பிரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். பல நேரம் அந்தக் கூலி பிளேசரின் விலையைத் தாண்டிவிடும். தோள் சரியாக அமைந்த பழைய பிளேசர் ஒன்றும் முப்பது யூரோவும் இருந்தால், மிச்சத்தை ஒரு நல்ல தையற்காரர் பார்த்துக்கொள்வார்.

பிரெஞ்சுக் கோடு போட்ட பனியன் சட்டையில் மலிவானது எது? (லண்டன்)

1858இல் பிரெஞ்சுக் கடற்படை விதித்த சீருடை அது. வெள்ளைக் கோடு 20 மில்லிமீட்டர், நீலக் கோடு அதில் பாதி. 1889 முதல் இயங்கும் நார்மண்டியின் சென் ஜாம், பிரிட்டனியின் ஆர்மோர்-லுக்ஸ் ஆகிய நிறுவனங்களின் சட்டைகள் புதிதாக வாங்கினால் விலைதான். ஆனால் பல ஆண்டு உழைப்பவை என்பதால் பழையதாக வாங்கினாலும் நட்டமில்லை. வேறு எதை வாங்கினாலும் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விலாத் தையலில் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சந்திக்கின்றனவா என்றும் பாருங்கள். சந்தித்தால், வெட்டியவர் அக்கறையோடு வெட்டியிருக்கிறார்.

பிரெஞ்சு அளவு 38 என்றால் என்ன? (டொராண்டோ)

பிரிட்டனில் 10, ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. இருந்தாலும் எண்ணை நம்பாதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் உடையொன்றைத் தரையில் விரித்து அளந்து, விற்பவர் தரும் அளவோடு ஒப்பிடுங்கள்.

விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) உடை வாங்கலாமா? (லியோன்)

வாங்கலாம். நனைத்த பிறகுதான் அதன் உண்மையான நீளம் தெரியும். அக்காள் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு மலிவுக் கடையில் நான் வாங்கிய உடை, முதல் துவைப்பிலேயே நான்கு விரற்கடை மேலேறிவிட்டது. பிள்ளையின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. துவைத்துக் காயவைத்த பிறகே ஓரம் மடியுங்கள்.

சிறு பூப்போட்ட, சுற்றிக் கட்டும் பிரெஞ்சு கவுன் சென்னையில் மலிவாகக் கிடைக்குமா? (சென்னை)

வாங்க வேண்டாம், தைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'அந்தியேன்' என்று அழைத்த பூப்போட்ட பருத்தி இந்தியாவிலிருந்து போனது; சோழமண்டலக் கரைத் துணிகளும் அதில் அடக்கம். அந்த மோகம் தங்கள் நெசவாளரைக் கெடுக்கிறது என்று 1686இல் தடை போட்டார்கள்; 1759இல்தான் நீக்கினார்கள். அந்தத் துணியின் உறவு உங்கள் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. மெல்லிய அச்சுப் பருத்தி மூன்றரை மீட்டர் வாங்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு தையற்காரரிடம் கொடுங்கள். முன்பக்கம் மேலே போர்த்தும் பகுதி இடுப்பின் மறுபக்கத் தையல் வரை வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பல தையற்காரர்கள் துணியை மிச்சம் பிடிக்க வயிற்றின் நடுவோடு நிறுத்திவிடுவார்கள், காற்றடித்தால் திறந்துகொள்ளும். முதலில் கையால் போடும் தற்காலிக ஓட்டத்தையல் முடிந்ததும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மூடியிருந்தால் மெஷினில் ஓட்டச் சொல்லலாம்.