அலுவலக ஆங்கிலம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 42. தமிழ் மீடியத்தில் படித்தவள். நான் எழுதும் மெயிலை மேலாளர் திருத்திய பிறகுதான் அனுப்ப முடிகிறது. இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பாடத்திலிருந்து படிக்கட்டுமா? நான் எழுதிய சில வரிகளையும் இணைத்திருக்கிறேன்.
(வாசகி, திருப்பூர்)

பதில்: வேண்டாம். முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தால் பெயர்ச்சொல் வகைகளையும் ஆக்டிவ், பாசிவ் வாய்ஸையும் தாண்டுவதற்குள் சலித்துவிடும்; மெயிலில் வரும் பிழை அப்படியே நிற்கும். பள்ளி மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல் அமெரிக்காவில் தொகுத்தார்கள். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தியதில் எழுத்து தேறவில்லை. சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சியில் தேறியது. அது பிள்ளைகளை வைத்துச் சொன்னது என்றாலும், உங்களுக்கும் அந்தப் பயிற்சியைத்தான் சொல்வோம்.

மேலாளர் திருத்திய மெயில்கள்தான் உங்கள் பாடநூல். கடைசி இருபதை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அதன் வகையை எழுதுங்கள்: காலம், ஆர்ட்டிகிள் ('எ', 'அன்', 'த'), ஒருமை பன்மை, ப்ரிபொசிஷன் ('இன்', 'ஆன்', 'அட்' போன்றவை), சொல் வரிசை. எந்த வகை அதிகம் வருகிறதோ, இரண்டு வாரம் அதை மட்டும் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் எதுவும் பிடிபடாது.

உங்கள் வரிகளில் முதலாவது: 'ஐ ஹேவ் சென்ட் த பேக்கிங் லிஸ்ட் எஸ்டர்டே.' 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம், அதுதான் கையில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹேவ்' நிற்காது. 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே' போதும். 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டால் 'ஐ ஹேவ் சென்ட் இட்' சரியாகிவிடும்.

இரண்டாவது: 'ப்ளீஸ் லெட் அஸ் நோ வென் வில் யூ பே.' நேர்க்கேள்வியில்தான் 'வில்' முன்னால் வரும். வாக்கியத்துக்குள் கேள்வி அடங்கிவிட்டால் 'வென் யூ வில் பே'.

மூன்றாவது: 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ரைஸ்.' 'பற்றி' என்பது 'டிஸ்கஸ்'ஸிலேயே இருக்கிறது. 'அபவுட்'டை அடித்துவிடுங்கள்.

இணைக்கும் பயிற்சிக்கு உங்கள் வேலையிலிருந்தே எடுக்கலாம். 'த ஃபேப்ரிக் கேம் லேட்.' 'வீ ஃபினிஷ்ட் ஆன் டைம்.' இந்த இரண்டையும் ஒருமுறை 'பட்' போட்டும், ஒருமுறை 'ஆல்தோ'வில் தொடங்கியும் ஒரே வாக்கியமாக்குங்கள். 'ஆல்தோ'வில் தொடங்கினால் நடுவில் 'பட்' வரக்கூடாது. நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இது. தினம் ஐந்து ஜோடி, கால் மணி நேரம்.

கேள்வி: 'எ', 'அன்', 'த' எங்கே போடுவது என்று கடைசிவரை பிடிபடவில்லை.
(வாசகர், ஈரோடு)

பதில்: தமிழில் இப்படி ஒரு சொல்வகையே இல்லாததால் விட்டுப்போவது இயல்பு. பெயர்ச்சொல் வரும்போது முதலில் கேளுங்கள்: நான் சொல்வது எது என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரியுமென்றால் 'த'. 'ப்ளீஸ் சைன் த இன்வாய்ஸ்' என்றால் ஏற்கெனவே பேசிய இன்வாய்ஸ். தெரியாது, எண்ணக்கூடியது, ஒன்றே ஒன்று என்றால் 'எ' அல்லது 'அன்'. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாதவை; அவற்றுக்கு 'எ'யும் இல்லை, கடைசியில் 'ஸ்' சேர்ப்பதும் இல்லை.

'எ'யா 'அன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒலியைக் கேளுங்கள். அன் ஹவர், அன் எம்.பி.ஏ., ஆனால் எ யுனிவர்சிட்டி. ஆள் பெயர், ஊர்ப் பெயர்களுக்குப் பொதுவாக எதுவும் வேண்டாம்.

கேள்வி: 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதுவது தவறா?
(வாசகர், மதுரை)

பதில்: இலக்கணப்படி தவறில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் இல்லை. படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது, அல்லது பதில் போடாமல் விட்டுவிடுகிறார். செயலையும் தேதியையும் எழுதுங்கள்: 'ப்ளீஸ் அப்ரூவ் த லீவ் பை ஃப்ரைடே.' அதே கையோடு 'ரிவர்ட் பேக்'கையும் விட்டுவிட்டு 'ரிப்ளை' என்று எழுதலாம்.

கேள்வி: பிழை திருத்தும் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
(வாசகி, சேலம்)

பதில்: எழுத்துப் பிழையை, ஒருமை பன்மை மயக்கத்தை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் 'நாட்' விட்டுப்போனாலோ, 'சிக்ஸ்டீன்' என்பதற்குப் பதில் 'சிக்ஸ்டி' என்று விழுந்தாலோ பெரும்பாலும் பேசாமல் இருக்கும், ஏனென்றால் வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் நீங்களே கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்; பிறகு செயலியில் போட்டு, உங்கள் கண்ணுக்குத் தப்பியவற்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.