அம்மாவோடு பார்த்த பெரிய படங்கள்: ஒரு செத்தவீடாவது காட்டக்கூடாதா?

கேள்வி: விமர்சகர் கணக்கெல்லாம் வேண்டாம். சும்மா படம் பார்க்கிற ஆளாக, அண்மையில் வந்த பெரிய தமிழ்ப் படங்கள் உங்களுக்கு எப்படி இருந்தன?

சும்மா படம் பார்க்கிற ஆள் என்றால் அது நான்தான். முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடுவதில்லை. பொடியள் வெடி கொளுத்தி, கட்-அவுட்டுக்குப் பாலூற்றி ஓய்ந்த பிறகு, இரண்டாவது கிழமை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்து வீட்டோடு வெளிக்கிடுவோம். வீட்டோடு என்றால் மனைவி, உயர்தரம் படிக்கிற மகள், 71 வயது அம்மா. வெலிங்டன், வின்சர், ராணி, மனோகரா என்று யாழ்ப்பாணத்துப் பழைய தியேட்டர்கள் எல்லாம் அம்மாவின் வாயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நானோ கரண்ட் இல்லாத காலத்தில் ஊரில் காசு சேர்த்து, வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்து வளர்ந்தவன். ஆகவே என்னைத் திருப்திப்படுத்துவது கஷ்டமில்லை. அம்மாவைத்தான் கஷ்டம்.

அம்மா காலையில் உதயன் பேப்பரைப் பின்னாலிருந்துதான் பிரிப்பார். முதலில் மரண அறிவித்தல், பிறகுதான் நாட்டு நடப்பு. படத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார் என்பது எனக்கு 'விக்ரம்' படத்தில்தான் பிடிபட்டது.

அது 2022 ஜூனில் வந்தது. பெற்றோல் செட்டில் இரவிரவாக வரிசை நின்ற காலம். மோட்டார் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு மகளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. பகத் பாசில் துருவித் துருவிப் போகிற முதல் பாதி எனக்கு இன்னமும் பிடிக்கும். கடைசியில் சூர்யா வந்து நின்றபோது தியேட்டர் இடிந்து விழாத குறை. ஆனால் அந்தக் காட்சியில் நிற்கிற மற்றவர்கள் யார் என்று விளங்க, 2019இல் வந்த 'கைதி'யையும் பார்த்திருக்க வேண்டுமாம். மகள் கரியரில் இருந்தபடி வீடு வரும் வரை வகுப்பெடுத்தாள். ஒரு படத்துக்கு ரிக்கற் எடுத்தால் இன்னொரு படத்தின் பாடத்தையும் படித்துக்கொண்டு வரச் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை.

அம்மா அதைப் பிறகு வீட்டில் டிவியில்தான் பார்த்தார். வீட்டு வேலை செய்கிற பெண்ணாக இருந்த ஏஜென்ட் டீனா திடீரென்று எழும்பி அடிபட்டுச் செத்துப்போகிற இடத்துக்கு நாங்கள் எல்லோரும் தியேட்டரில் கை தட்டியிருந்தோம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் அழேல்லையே தம்பி?" படம் முடிந்த பிறகு இன்னொன்று: "இவ்வளவு சனம் செத்துது, ஒரு செத்தவீடும் காட்டேல்லை."

அன்றிலிருந்து எனக்கும் இது ஒரு வியாதியாகிவிட்டது. பெரிய படம் எது பார்த்தாலும் செத்தவீட்டைத் தேடுகிறேன்.

'ஜெயிலர்' 2023 ஆகஸ்டில். சொன்னால் நம்பமாட்டீர்கள், அம்மா அதை ரசித்தார். பென்சன் எடுத்த மனுசன், பேரப்பிள்ளையோடு விளையாடிக்கொண்டு, மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு இருப்பது அவருக்கு எங்கள் அப்பாவை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தவர்களை ரஜினி ஆள் வைத்துத் தீர்த்துக்கட்டுகிற இடத்தில் தியேட்டரே எழும்பி நிற்க, அம்மா என் பக்கம் சாய்ந்து, "உந்த வீட்டை இனி ஆர் கழுவிறது?" என்றார். இடைவேளையில் நெக்டோ சோடா வாங்கப் போன இடத்திலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வந்துபோனதற்குக் கதையில் என்ன வேலை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அனிருத்தின் இசைக்கு நானும் கால் ஆட்டினேன், மறைக்கவில்லை.

'லியோ'வை எல்லோரும் திட்டினார்கள். இரண்டாம் பாதி திட்டத் தகுந்ததுதான். ஆனால் முதல் பாதிக்கு நான் ஒரு சொல் சொல்லவேண்டும். கோப்பிக் கடைக்குள் புகுந்தவர்களைச் சுட்டுவிட்டு அந்த மனுசன் உடைந்து அழுகிறான், பிறகு வழக்கு நடக்கிறது. சுட்டதற்குக் கோர்ட்டுக்குப் போகிற ஹீரோவைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! கொன்றது ஒரு பெரிய விசயம் என்று அந்தப் படத்துக்கு ஒரு மணித்தியாலமாவது ஞாபகம் இருந்தது. அப்புறம் மறந்துபோனது.

'கங்குவா' பற்றி நீட்டத் தேவையில்லை. 2024 நவம்பரில் வந்தபோது அதன் சத்தம் பற்றி இந்தியாவிலேயே முறைப்பாடு எழும்பி, ஒஸ்கார் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியே வெளிப்படையாகக் கவலைப்பட்டார். நாங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அரை மணித்தியாலம் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தவர், கச்சான் வாங்கப் போவதாகச் சொல்லி எழும்பியவர், வெளியிலேயே இருந்துவிட்டார். சண்டைக் காலத்தில் வளவுக்குள் பங்கர் வெட்டிப் பிள்ளைகளோடு இருந்த ஆக்களுக்கு அந்தச் சத்தம் பொழுதுபோக்கு இல்லை. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிழை என்னுடையதுதான்.

அதற்குச் சரியாக இரண்டு கிழமைக்கு முன்னர், தீபாவளிக்கு வந்தது 'அமரன்', இந்திய ஆமி அதிகாரி ஒருவரின் கதை. அதைத் தியேட்டரில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எந்த நாட்டு ஆமிக்காரனாக இருந்தாலும், சீருடையைப் பார்க்கிற எங்கள் கண் வேறு. பிறகு வீட்டில் பார்த்தோம். படத்தின் அரசியலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் சாய் பல்லவி நடித்த இடங்களில் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செத்தவனின் வீட்டுக்குச் செய்தி வருவதையும், அதற்குப் பிறகு அந்தப் பெண் எப்படி நிற்கிறாள் என்பதையும் காட்டிய பெரிய படம் அது. தேநீர் ஆறிப்போன பிறகுதான் அம்மா கோப்பையைத் தொட்டார்.

இனி 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே 1. பெரிய காசில் எடுத்த படமில்லை, ஆனால் பெரிதாக ஓடியது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இதுதான் முதல் படம். பொருளாதார நெருக்கடியில் வல்வெட்டித்துறையில் இருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் இறங்குகிற குடும்பத்தின் கதை என்பதால், ரிக்கற் எடுக்கும்போதே மனதில் ஒரு பயம். எங்கள் கதையைச் சென்னையில் எடுத்தால் ஒன்று ஒப்பாரி, இல்லாவிட்டால் பகிடி. இது இரண்டும் இல்லை. சசிகுமாரும் சிம்ரனும் கதைத்த யாழ்ப்பாணத் தமிழ் சில இடங்களில் சறுக்கியது. பின்வரிசைப் பொடியள் திருத்தித் திருத்திச் சொன்னார்கள். அம்மா, "வல்வெட்டித்துறை ஆக்கள் உப்பிடிக் கதைக்கிறதில்லை" என்று முதல் பத்து நிமிசத்திலேயே தீர்ப்புக் கொடுத்துவிட்டார். யோகி பாபு அவர்களிடம் வெளியில் இந்தத் தமிழைக் கதைக்கவேண்டாம் என்று சொல்கிற இடத்தில் மட்டும் தியேட்டரில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சென்னை, கொழும்பு, ரொறன்ரோ என்று போன எல்லோர் வீட்டிலும் அந்தப் புத்திமதி ஒருதரம் சொல்லப்பட்டிருக்கும்.

அந்தப் படத்தில், ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்காத ஒரு தெருவில், வயதான ஒரு பெண் இறந்துபோகிறார். வந்து கொஞ்ச நாளே ஆன இந்தக் குடும்பம்தான் அந்த வீட்டுக்குள் போகிறது, சனத்தைக் கூட்டுகிறது, ஆக வேண்டியதைச் செய்கிறது. மூன்று வருடமாக அம்மா கேட்டுக்கொண்டிருந்த செத்தவீடு. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் இது படம்" என்றார்.

அந்த நம்பிக்கையில்தான் ஆகஸ்டில் 'கூலி'க்குக் கூட்டிப்போனேன். ரஜினி நடிக்க வந்து 50 வருடம் என்று மகளின் போன் முழுக்க அதுதான். தொடக்கம் நன்றாக இருந்தது. நண்பன் செத்த செய்தி கேட்டு ரஜினி வருகிறார், அந்த நண்பனின் மகள் அவரைச் செத்தவீட்டில் நிற்கவிடாமல் திருப்பி அனுப்புகிறாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்த்தால் அந்த நண்பன் கண்டுபிடித்து வைத்திருப்பது பிணத்தை நொடியில் சாம்பலாக்குகிற நாற்காலி. அதற்குப் பிறகு படம் முழுக்க ஆக்களை அதில் இருத்துவதும் எரிப்பதும்தான். நாகார்ஜுனா, உபேந்திரா, கடைசியில் ஆமிர் கான் என்று ஊர் ஊராக ஆள் பிடித்து வந்திருந்தார்கள். சௌபின் ஒருவர்தான் மனதில் நின்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் கீரிமலையும் என்று எங்கள் ஊரில் செத்தவருக்குச் செய்கிற கிரியை ஒன்றும் இல்லாமல் ஆளை நாற்காலியில் இருத்தி முடிக்கிற கதையைப் பற்றி அவர் என்னத்தைச் சொல்வது?

திரும்பி வரும்போது ஓட்டோவில் மகள், பாட்டு நன்றாக இருந்தது, கதை இல்லை என்று தாயோடு வாதாடிக்கொண்டு வந்தாள். கொக்குவிலுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை வாசலில் கண்ணீர் அஞ்சலி பதாகை கட்டியிருந்தது. அம்மா சாரதியின் தோளைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் மெல்ல விடு ராசா" என்றார். தலையை வெளியில் நீட்டிப் பெயரையும் வயதையும் வாசித்துவிட்டு, யாருடைய வீடு, எந்தப் பிள்ளை வெளிநாட்டில், எரிக்கிறது எப்போது என்று சாரதியிடம் விசாரிக்கத் தொடங்கினார்.