ஏப்ரல் மாதத்தில் எழுதப்படும் தீர்ப்புகள்

கேள்வி: பேஸ்பால் பருவம் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் அணி பதினைந்து ஆட்டங்களில் பத்தில் தோற்றுவிட்டது. குளிர்காலத்தில் போகவிட்ட நட்சத்திர பேட்டர் வேறு அணிக்காக ஹோம் ரன்களை (வேலியைத் தாண்டும் அடிகளை) அடித்துத் தள்ளுகிறார். அவருக்குப் பதிலாக நம்பியிருக்கும் இளைஞருக்கு மட்டையில் பந்தே படவில்லை. கடைசி இன்னிங்ஸ்களில் இறக்கப்படும் பிட்சர் (பந்து வீசுபவர்) வந்தாலே தோல்விதான். இந்த முடிவுகளை எடுத்த மேனேஜரையும் (ஆட்டத்தை நடத்துபவர்) ஜெனரல் மேனேஜரையும் (ஆட்டக்காரர்களைச் சேர்ப்பவர்) இப்போதே மாற்ற வேண்டாமா? (ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று புகார்கள் இருக்கின்றன. ஒரே கோபத்தில் மூன்றையும் எழுதிவிட்டீர்கள். ஆனால் ஏப்ரல் மாதத்தில் எழுப்பத் தகுந்த புகார் அவற்றில் ஒன்றுதான்.

முதலில் அந்த இளைஞர். பதினைந்து ஆட்டங்களில் ஒரு பேட்டருக்குச் சுமார் 60 வாய்ப்புகள் கிடைக்கும். ஆண்டு முழுவதும் 0.270 சராசரி வைத்திருக்கக்கூடிய ஒருவர் அவற்றில் 16 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை, அதாவது ஓடிச் சேரவேண்டிய இடத்தை, எட்டுவது) எடுப்பார். அதே ஆள் 13 எடுத்தால் சராசரி 0.217க்கு இறங்கிவிடும், நீங்களும் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவீர்கள். இடையில் இருப்பவை மூன்று ஹிட்கள் மட்டுமே: ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) பாய்ந்து விழுந்து பிடித்த ஒன்று, குளிர்க்காற்று தடுத்ததால் வேலிக்கு முன்பே இறங்கிய ஒன்று, பந்தை வீசியவரின் கையுறைக்குள்ளேயே நேராகப் போன ஒன்று. ஒருவருடைய திறமையை இந்த மூன்றை வைத்து எடைபோட முடியாது. எதிர்த்திசையிலும் இதே கதைதான். 1994ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், ட்வைட் கூடனின் பந்துவீச்சில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அந்த ஆண்டு முழுவதிலும் அவர் அடித்தவை எட்டே. 2006இல் டெட்ராய்ட் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்கள் அடித்துவிட்டு, ஆண்டின் முடிவில் பதினாறில் நின்றார். 2009இல் பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்டிஸுக்கு மே 20 வரை ஒரு ஹோம் ரன்கூட இல்லை. அவர் காலம் முடிந்துவிட்டது என்று பாஸ்டன் நகரமே பேசியது. அவர் 28 ஹோம் ரன்களோடு ஆண்டை முடித்தார்.

அடுத்து, போகவிட்ட நட்சத்திரம். உங்கள் நிலையில் இருந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகர்களை நினைத்துப் பாருங்கள். 2019இன் தொடக்கத்தில் பிரைஸ் ஹார்ப்பர் அந்த அணியை விட்டு, அதே பிரிவில் ஆடும் ஃபிலடெல்ஃபியாவுக்கு 13 ஆண்டுகள், 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போனார். ஏப்ரல் 2 அன்று எதிரணிச் சட்டையில் வாஷிங்டனுக்கு வந்தார். மைதானம் முழுவதும் அவரைக் கூச்சலிட்டு ஏசியது. நேஷனல்ஸ் பிட்சர் மேக்ஸ் ஷெர்சர் முதல் இரண்டு முறை அவரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றம்) ஆக்கினார். பிறகு அவர் ஒரு டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்தார், எட்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து மட்டையைச் சுழற்றி வீசினார். ஃபிலடெல்ஃபியா 8-2 என்று வென்றது. அதே இரவில் நேஷனல்ஸ் அணியின் ட்ரே டர்னர் பந்தை மெல்லத் தட்டிவிட முயன்று விரலை முறித்துக்கொண்டார். ஹார்ப்பரைப் போகவிட்டது பெரும் பிழை என்று எவரும் அன்றே எழுதியிருக்கலாம். பலர் எழுதவும் செய்தார்கள்.

ஆனால் அந்த முடிவை எடுத்தபோது நேஷனல்ஸின் அப்போதைய ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோவின் கையில் என்ன இருந்தது என்பதல்லவா கேள்வி? முந்தைய ஆண்டில் 19 வயதில் வந்து 22 ஹோம் ரன்கள் அடித்து, 0.406 அளவில் (பத்தில் நான்கு முறை) பேஸை எட்டிய ஹுவான் சோட்டோ இருந்தார். பேட்டிங்கைவிட பந்துவீச்சுக்குப் பணம் தேவை என்ற கணக்கும் இருந்தது. பிட்சர் பாட்ரிக் கார்பினை ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலருக்கு எடுத்திருந்தார்கள். மே 23 அன்று, நியூயார்க் மெட்ஸ் அணியிடம் தொடர்ந்து நான்கு ஆட்டங்களைத் தோற்ற நிலையில், நேஷனல்ஸின் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. மீதமிருந்த 112 ஆட்டங்களில் அவர்கள் 74ஐ வென்றார்கள். அக்டோபர் 30 இரவு, ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையும் வென்றார்கள். அந்தத் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் இடையில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசியவர் கார்பின். ஃபிலடெல்ஃபியா அந்த ஆண்டை 81-81 என்று முடித்தது.

இதனால் ஹார்ப்பரை எடுத்தது தவறு என்று ஆகிவிடாது. அவர் அந்த ஆண்டு 35 ஹோம் ரன்கள் அடித்தார், 2021இல் தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். கார்பினோ 2022இல் 19 ஆட்டங்களில் தோற்றார். ஆக, எந்தத் தேதியில் கணக்கை மூடுகிறோமோ அதற்கேற்பத் தீர்ப்பு மாறும். கையில் இருந்த தகவலைக் கொண்டு நிதானமாக எடுத்த முடிவா என்று பார்ப்பதே நியாயம். உங்கள் அணி அந்த இளைஞரை எதை நம்பி நிறுத்தியது என்று கேளுங்கள்; அதற்குப் பதில் இல்லையென்றால் அவர் 0.400 அடித்தாலும் அது மோசமான முடிவுதான்.

உங்கள் மூன்றாவது புகாரில் நியாயம் இருக்கிறது. கடைசி இன்னிங்ஸ் பிட்சரைப் பற்றி ஏப்ரலிலேயே பேசலாம். ஆனால் முடிவை வைத்துப் பேசாமல், அவர் வீசும் விதத்தை வைத்துப் பேச வேண்டும். நல்ல பந்தைப் பேட்டர் எப்படியோ தட்டிவிட்டு ரன் போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக் எல்லைக்குள் (பேட்டரால் அடிக்கக்கூடிய பரப்புக்குள்) பந்தே விழவில்லையென்றால் பொறுமை காட்டக் காரணமில்லை. அதே 2019இல் நேஷனல்ஸ், முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் ஓராண்டு ஆடாமல் இருந்த பிட்சர் ட்ரெவர் ரோசந்தாலை 70 லட்சம் டாலருக்கு எடுத்தது. முதல் நான்கு முறை இறங்கியபோது அவரால் ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை. வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. ஆறு இன்னிங்ஸ் சொச்சத்தில் 15 பேருக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்) கொடுத்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு 22.74 ரன் என்ற சராசரியோடு ஜூனில் விடுவிக்கப்பட்டார். அங்கே காத்திருந்ததில் இரண்டு மாதம் வீணானது என்றே நான் நினைக்கிறேன்.

மேனேஜரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1988இல் பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டங்களைத் தோற்றவுடன், சொந்த மகன்கள் இருவர் ஆடிக்கொண்டிருந்த அணியிலிருந்து மேனேஜர் கேல் ரிப்கன் சீனியரை நீக்கியது. அடுத்து வந்த ஃபிராங்க் ராபின்சன் சாதாரண ஆளல்லர். ஆனாலும் அணி மேலும் 15 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, ஆண்டை 54-107 என்று முடித்தது. அணியில் ஆள் இல்லை. மேனேஜரை மாற்றுவதால் ஆள் வந்துவிடாது. நேஷனல்ஸ் 19-31இல் இருந்தபோது மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை நீக்கச் சொல்லி எழுந்த குரல்கள் உங்கள் குரலைவிட உரத்தவை. உரிமையாளர்கள் அவரை வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, உங்கள் அணிக் கணக்கை மே மாத முடிவில் பாருங்கள். பந்துவீச்சுக் குறையைச் சரிசெய்ய ஜூலை முடிவு வரை வழி இருக்கிறது: நேஷனல்ஸ் 2019 ஜூலை 31 அன்று, ஆட்டக்காரர்களைப் பரிமாறும் கெடு முடியும் நாளில், மூன்று பிட்சர்களை ஒரே நாளில் வாங்கியது. அவர்களில் ஒருவரான டேனியல் ஹட்சன்தான் உலகத் தொடரின் கடைசி பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவர். உங்கள் ஜெனரல் மேனேஜர் அந்த நாளிலும் கை கட்டி நின்றால் மறுபடியும் எழுதுங்கள். அப்போது உங்கள் பக்கம் நின்று நானும் எழுதுகிறேன்.