திருவிழா மேடைக்கு என் 100 வாட் ஆம்ப் போதுமா?

கேள்வி: சார், நான் மார்த்தாண்டத்துக்காரன். நாலு பேர் உள்ள பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சனி, ஞாயிறு கோவளம் பக்கம் ஒரு ஓட்டல் பாரில் நிகழ்ச்சி. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். இப்போது குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், ஆலயத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு வாசிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டுமாம். என்னிடம் இருப்பது 100 வாட் ஆம்பும் (கிட்டாரின் ஓசையைக் கூட்டித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி), பேட்டரி இல்லாத நாலு கம்பி பேஸும்தான். நிகழ்ச்சியைப் பிடித்துத் தந்த ஏஜென்ட், "இதை வைத்து முன்வரிசைக்கே கேட்காது. எட்டு ஸ்பீக்கர் உள்ள கேபினெட் பெட்டி ஒன்றும் பெரிய ஆம்பும் நானே எடுத்துத் தருகிறேன், 14,000 ரூபாய், உங்கள் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். எடுக்கலாமா? பின்பாட்டும் நான்தான் பாடுகிறேன்.

பதில்: எடுக்க வேண்டாம், தம்பி. பத்தாயிரம் பேருக்குக் கேட்க வைப்பது உங்கள் ஆம்பின் வேலை இல்லை. விழாக்குழு காசு கொடுத்து அமர்த்தும் சவுண்ட்காரரின் வேலை அது. மேடைக்கு இரண்டு பக்கமும், கீழே 18 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட, தாழ்ந்த ஓசைக்கான சப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். உங்கள் பேஸைக் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோவது அவைதான். கிட்டாரிலிருந்து அவருடைய மிக்ஸருக்கு ஒழுங்கான ஒரு வழி இருந்தால் போதும். அந்த வழியில் நடுவே வைக்கிற சின்னப் பெட்டிதான் டிஐ பாக்ஸ்.

கிட்டார் கேபிள் ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீண்டால் ஓசையின் தெளிவு மங்கும், இரைச்சலும் ஏறும். டிஐ பாக்ஸ் அந்தச் சிக்னலை மைக் கேபிளில் போகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். அதன் பிறகு மிக்ஸர் 50 மீட்டர் தள்ளி மைதானத்தின் நடுவில் இருந்தாலும் கவலை இல்லை. உங்களுடையது பேட்டரி இல்லாத பேஸ் என்பதால் ஆக்டிவ் டிஐ, அதாவது கரண்டில் ஓடுகிற டிஐ வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கும். மிக்ஸரிலிருந்து வருகிற 48 வோல்ட்டில் அது ஓடும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடுகிற மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. சவுண்ட்காரரிடமும் டிஐ இருக்கும். ஆனால் அது எத்தனை மேடையில் எத்தனை பேர் காலில் மிதிபட்டதோ! சொந்தமாக ஒன்று பையில் இருக்கட்டும்.

ஏஜென்ட் சொல்கிற எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டை வைத்தால் நன்மை இல்லை என்பதோடு கெடுதலும் உண்டு. மேடையில் அவ்வளவு சத்தமாக பேஸ் ஒலித்தால் அது பாடகர் மைக்கிலும் டிரம்ஸ் மைக்கிலும் புகுந்துவிடும். எல்லாம் குழம்புகிறதே என்று சவுண்ட்காரர் முதலில் குறைப்பது மிக்ஸரில் உங்கள் சேனலைத்தான். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நெஞ்சு அதிரும், பின்னால் நிற்பவர்களுக்கு பேஸே இருக்காது. 14,000 ரூபாய் கொடுத்து உங்கள் சத்தத்தை நீங்களே குறைத்துக்கொண்ட கணக்கு.

இந்த ஏஜென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் கொடியேற்றத் தேதி குறித்ததுமே இவர்கள் கிளம்பிவிடுவார்கள். விழாக்குழுவிடம் "பேண்ட், சவுண்ட், லைட் எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரு தொகை பேசுவார்கள். சவுண்ட்காரரிடம் தனியாகக் கமிஷன். அது போதாதென்று பேண்டிடமும் "கூடுதல் சாமான்" என்று ஒரு பிடித்தம். ஒரே மேடைக்கு மூன்று பக்கமும் காசு. விழாக்குழுவில் இருப்பவர்கள் கடலுக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள். கேபினெட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? பேண்டில் இருக்கிற பையன்களுக்கோ பெரிய மேடை கிடைத்ததே பெரிது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இரண்டு பேரையும் நேரில் பேச விடாமல் வைத்திருப்பதுதான் இவர்களின் தொழில். "கமிட்டி நம்பர் எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். எனக்கே ஒரு திருவிழாவில் பேசிய மிக்ஸர் ஒன்று, வந்து இறங்கியது வேறொன்று. வாடகை மட்டும் பேசியபடியே கழிக்கப்பட்டிருந்தது. கேட்கப்போனால், "அடுத்த நிகழ்ச்சி வேண்டாமா?" என்று பதில். இதைத் தட்டிக்கேட்க நம் கலைஞர்களுக்கு ஒழுங்கான ஓர் இடம்கூட இல்லை என்பது எனக்குத் தீராத ஆத்திரம்.

சரி, உங்கள் 100 வாட் ஆம்புக்கு வருவோம். அதைக் கட்டாயம் கொண்டுபோங்கள். நீங்கள் வாசிப்பது உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்க வேண்டுமே. முன்னால் தரையில் சாய்த்து வைக்கிற மானிட்டர் பெட்டி பெரும்பாலும் பாட்டுக்காரருக்காக வைப்பது, அதில் பேஸை ஏற்றினால் குரல் அமுங்கிவிடும். உங்கள் ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள். தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும், நீங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

பாரிலிருந்து மைதானத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பாரில் நாலு சுவர், தாழ்ந்த கூரை. உங்கள் பேஸில் மிகத் தடித்த கம்பியின் இ சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலையின் நீளம் எட்டரை மீட்டர் அளவுக்கு வரும். அந்த அலை சுவரில் மோதித் திரும்பி மூலையில் குவிவதால்தான் பாரில் பேஸ் கனமாகக் கேட்கிறது. கடற்கரை மைதானத்தில் சுவர் ஏது? ஆம்பிலிருந்து வருவது மெலிந்து கேட்கும். அதே நேரம் சப் பெட்டியின் தாழ்ந்த ஓசை எல்லாப் பக்கமும் பரவும் என்பதால் மேடைக்குப் பின்பக்கமாகவும் வந்து உங்களை மோதும். தெளிவைத் தருகிற நடு ஓசை முன்னால் கூட்டத்தைப் பார்த்துப் போய்விடும். ஆகவே மேடையில் உங்களுக்குக் கிடைப்பது வெறும் "தும் தும்". என்ன சுரம் என்றே பிடிபடாது. உடனே கை ஆம்பில் இருக்கிற பேஸ் திருகுக்குப் போகும். அதைத் தொடாதீர்கள். 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற நடு ஓசையைக் கொஞ்சம் ஏற்றுங்கள், விரல் சுரத்தில் விழுவது தெளிவாகக் கேட்கும்.

அப்புறம், எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் ஊர் வெப்பத்தில் ஓசை ஒரு நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். டிரம்ஸிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஒவ்வொரு அடியும் நொடியில் ஏறத்தாழ நூறில் மூன்று பங்கு தாமதமாக உங்களை வந்து சேரும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில், ஒரு அடியை நாலாகப் பிரித்தால் வருகிற துளியில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. நீங்களும் டிரம்மரும் ஒருவரை ஒருவர் பின்னுக்கு இழுப்பீர்கள். பெரிய மேடை கிடைத்ததே என்று பரவி நிற்காதீர்கள். பாரில் நின்ற அதே நெருக்கத்தில், டிரம்ஸின் ஹைஹாட் (காலால் மிதிக்கிற ஜோடித் தட்டு) பக்கம் இரண்டு மீட்டருக்குள் நில்லுங்கள்.

சவுண்ட் செக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். "நாலு மணிக்கு வாருங்கள்" என்பார்கள். நாலு மணிக்குப் பந்தல்காரர் ஆணி அடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு நிமிடம் தருவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் கிட்டாரின் வால்யூமை முழுதாக வைத்து, நிகழ்ச்சியில் அடிக்கப்போகிற அதே பலத்தில், கீழ் இ-யிலிருந்து மேலே வரை வாசித்துக் காட்டுங்கள். மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு ஓங்கி அடித்தால் சவுண்ட்காரர் வைத்த அளவு உடைந்துவிடும். கம்பிகளை இரண்டு மூன்று நாள் முன்பே மாற்றி வாசித்துப் பழக்குங்கள், உப்புக்காற்றில் பழைய கம்பி சீக்கிரம் மங்கும்.

நான் மிகவும் கவலைப்படுவது கரண்டைப் பற்றி. நீங்கள் பின்பாட்டும் பாடுகிறீர்கள். கை கம்பியில், உதடு மைக்கில். இரண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால் அது பாய்வது உங்கள் உடம்பு வழியாகத்தான். உங்கள் ஆம்பை யாரோ ஒருவர் சீரியல் லைட் லைனிலிருந்து இழுத்த ஒயரில் சொருகுவார். மிக்ஸர் ஜெனரேட்டரில் ஓடும். இரண்டும் கரண்டின் வேறு வேறு ஃபேஸ் லைனாக இருந்துவிட்டால் நடுவே 400 வோல்ட்வரைகூட நிற்கலாம். எர்த் சரியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, எர்த் போய் எங்காவது ஒரு கசிவும் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. மேடையில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் வைத்தியம், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பது. யார் சொன்னாலும் அதை அனுமதிக்காதீர்கள். எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

ஆம்பும் மிக்ஸரும் தனித்தனி இடத்தில் எர்த் ஆகும்போது கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கிற உலோக உறை) வழியாக ஒரு சுற்று உண்டாகும். அந்த இரைச்சல் வருவது அதனால். அதற்கென்றே டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் மிக்ஸருக்குப் போகிற ஷீல்டு மட்டும் அறுபடும். உங்கள் கிட்டார் ஆம்ப் வழியாக எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். அதனால் இது பாதுகாப்பானது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். ஆம்ப் இல்லாமல் கிட்டாரை நேரே டிஐயில் மட்டும் சொருகியிருந்தால் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. அப்போது உங்கள் கம்பிகளுக்கு எர்த் கிடைப்பதே அந்த ஷீல்டு வழியாகத்தான். அதையும் அறுத்தால் இரைச்சல் குறையாது, கூடும். சில ஆக்டிவ் டிஐகளில் மிக்ஸரிலிருந்து வருகிற 48 வோல்ட்டும் அதோடு நின்று சத்தமே போய்விடும். சுருக்கமாக, கிட்டார் டிஐக்கும் ஆம்புக்கும் சேர்ந்து போனால் பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். டிஐக்கு மட்டும் போனால் வேண்டாம். நடு நிகழ்ச்சியில் ஆம்ப் கெட்டுப்போய்க் கழற்றிவிட்டால், முதலில் தட்டிய பொத்தானைத் திருப்பிப் பழைய இடத்தில் வையுங்கள். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு டிஐ கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள்.

பாடும் முன் இன்னொன்று. ஒரு மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை மைக்கருகே போகாதீர்கள், விழாக்குழுத் தலைவரே வந்து "நேரமாகிறது" என்றாலும் சரி. மேடைச் சாமான் எல்லாம் மிக்ஸர் ஓடுகிற அதே லைனில்தான் இருக்க வேண்டும், அந்த லைனில் 30 மில்லிஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை நிறுத்துகிற சுவிட்ச்) இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈர மேடையில் இதைப் பார்க்காமல் ஏறவே கூடாது. இத்தனை திருவிழா நடக்கிற இடத்தில் மேடை ஒயரிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே நிகழ்ச்சி என்று அதிகாரிகள் ஏன் கறாராக இருக்க மாட்டேன் என்கிறார்கள்? ஒலிபெருக்கி அனுமதிக்கு நடையாய் நடக்க வைப்பவர்கள் எர்த் கம்பி எங்கே என்று கேட்பதில்லை.

அந்த அனுமதியிலும் உங்களுக்கு ஒரு பாடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஊருக்கு அந்தத் தளர்வு உண்டா என்பது விழாக்குழுவுக்குத் தெரியும். நோட்டீஸில் எட்டு மணி என்று போட்டிருந்தாலும் வாழ்த்துரை, பொன்னாடை, பரிசளிப்பு எல்லாம் முடிய ஒன்பதரை ஆகும். போலீஸ் வந்து நிறுத்தும்போது பாதியில் நிற்பது உங்கள் பாட்டுத்தான், சம்பளத்தைக் குறைப்பதற்கும் அதையே காரணம் சொல்வார்கள். பாட்டு வரிசையில் முக்கியமான நாலைந்தை முன்னால் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பங்குப்பேரவை (ஆலய நிர்வாகத்தில் உள்ள ஊர்க்குழு) அலுவலகத்தில் கேட்டு விழாக்குழுச் செயலாளரின் எண்ணை வாங்குங்கள். நோட்டீஸில் அச்சிட்டிருந்தாலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "ஒன்பதாம் நாள் நிகழ்ச்சிக்கு வரும் பேண்டிலிருந்து எழுதுகிறேன். ஒலி அமைப்புச் செலவு விழாக்குழுவுடையதுதானே? எங்களுக்குப் பேசிய மொத்தத் தொகை எவ்வளவு? மேடை நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை? சவுண்ட்காரரின் எண் வேண்டும்." பதில் எழுத்தில் வந்ததும் சவுண்ட்காரரைக் கூப்பிட்டு, "பேஸுக்கு ஒரு டிஐ லைன், பின்பாட்டுக்கு ஒரு மைக், டிரம்ஸ் பக்கத்தில் எர்த் உள்ள ஒரு பிளக் பாயிண்ட்" என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு ஏஜென்டிடம் பேசுங்கள், கேபினெட் வேண்டாம் என்பதையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்புங்கள்.