செரோக்கி வெளியேற்றம் பற்றி அவர்களே எழுதிய கடிதங்கள் உண்டா?

"செரோக்கி மக்கள் எதையும் எழுதிவைக்கவில்லை, ஆகவே 1838 வெளியேற்றத்துக்கு அமெரிக்க அரசுக் கோப்புகளைத்தானே நம்ப வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் உங்கள்மேல் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் எனக்குப் பொறுக்காது.

செரோக்கிகள் அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகள்; 1838இல் அமெரிக்க அரசு அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. அவர்களில் ஒருவரான செக்கோயா உருவாக்கிய எழுத்து 1820களிலேயே அவர்களிடம் பரவிவிட்டது. 1828இல் தங்கள் தலைநகர் நியூ எச்சோட்டாவில் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகையே நடத்தினார்கள். தலைவர் ஜான் ராஸின் கடிதங்களும் மனுக்களும் மட்டுமே இரண்டு தடித்த தொகுதிகள்.

நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருந்தபோது நூலகத்தில் அவற்றை எடுத்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் உருக்கமான மனுக்களைச் சொல்வார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு செலவுக் கணக்கு. 1838 கோடையில் ராணுவம் ஜனங்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து முகாம்களில் அடைத்துவிட்டது. பயணத்தையாவது நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று ராஸ் குழுவினர் அந்த ராணுவத்தின் தளபதி ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டிடம் பேசி, தலைக்கு 65 டாலர் 88 சென்ட் என்று மதிப்பீடு கொடுக்கிறார்கள். அப்புறம், சோப்பு விட்டுப்போயிற்று, அதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். தொகை அதிகம் என்கிறார் ஸ்காட். ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிவிட்ட ஆண்ட்ரூ ஜாக்சன்கூட, ராஸுக்கு ஒப்பந்தம் கொடுத்ததைத் தடுக்கச் சொல்லிக் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதுகிறார். காலமெல்லாம் செலவுச்சீட்டு பார்த்தவன் சொல்கிறேன்: நோய் பரவிய முகாமில் இருந்துகொண்டு சோப்புக்கும் கணக்குப் போட்டவர்கள், நிர்வாகம் தெரிந்தவர்கள்.

மேற்கே போகும் வழியிலிருந்து வந்த கடிதங்கள் வேறு இருக்கின்றன. அக்டோபர் 24 அன்று டென்னசியின் போர்ட் ராயலிலிருந்து ஒரு பயணக் குழுவை நடத்திச் சென்ற எலைஜா ஹிக்ஸ் ராஸுக்கு எழுதுகிறார்: காலையில் ஜனங்கள் கிளம்பவே மாட்டேனென்கிறார்கள், விரும்பிப் போகிறவர்கள் இல்லையே, அதில் எனக்கு ஆச்சரியமில்லை என்று. செரோக்கித் தலைவர்களில் ஒருவரான முதியவர் வைட்பாத் இன்னும் சில நாள்தான் தாங்குவார் என்றும் அதிலேயே இருக்கிறது. டிசம்பர் 30 அன்று மிசௌரியிலிருந்து எழுதிய இன்னொரு குழுவோடு போன மதபோதகர் இவான் ஜோன்ஸ், 75 நாளில் 529 மைல் கடந்தோம், இன்னும் 300 மைல் போல இருக்கிறது என்கிறார். குளிருக்குப் போதிய துணி இல்லாதவர்களுக்காக, தினமும் காலையில் ஒரு கூட்டத்தை முன்னால் அனுப்பிச் சாலையோரம் அங்கங்கே தீ மூட்டிவைத்தார்களாம்.

ராஸுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாராவது வருவீர்கள். அவர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர், தெரியும். அதை மறைத்து எழுதும் ஆள் நானில்லை. எதிர்த்தரப்பின் கடிதங்களையும் படித்திருக்கிறேன். நிலத்தை விட்டுக்கொடுத்து மேற்கே போகச் சம்மதித்த 1835 ஒப்பந்தத்தை ஆதரித்த செரோக்கி ஸ்டாண்ட் வாட்டி, உள்நாட்டுப் போரின்போது 1863இல் தென்மாநிலப் படையின் சார்பில், மேற்கே அமைந்த புதுத் தலைநகர் டாலக்வாவில் பழைய மன்றக் கட்டடத்தையும், பக்கத்துப் பார்க் ஹில்லில் ராஸின் வீட்டையும் கொளுத்தியதாக மனைவி சாராவுக்கு எழுதுகிறார். போருக்கு முன் தன்னோடு சிநேகமாக இருந்த ஒருவர் அப்போது சுட்டுக்கொல்லப்பட்டார், வருத்தம்தான், ஆனால் வேறு வழியில்லை என்கிறார். அதே ஆண்டு சாரா அவருக்கு எழுதிய கடிதம் இன்னொன்று. மகன் சலாடின் ஒரு கைதியைக் கொன்றதில் சேர்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டு, அது யார், எப்படி நடந்தது என்று கேட்கிறார். பையன்களை இரக்கம் காட்டச் சொல்லுங்கள் என்று மன்றாடுகிறார். எந்த அரசுக் கோப்பிலாவது இந்தத் தாயின் தவிப்பு கிடைக்குமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அப்பா ரயில்வே வேலையில் வெளியூரிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதக்கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டால், "இன்லேண்ட் லெட்டர்தானே" என்கிறார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்றால், 1836 செப்டம்பர் 28 அன்று செரோக்கி மன்றம் கூடிய ரெட் கிளே திடலிலிருந்து ராஸ் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதியதை முதலில் படியுங்கள். அந்த 1835 ஒப்பந்தம் ஏன் செல்லாது என்று அதில் வாதாடியிருக்கிறார். அதை முடித்துவிட்டு அரசுக் கோப்புக்குப் போங்கள்.