ஆடியில் விதைத்த கேரட்

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கம் எங்கள் கொல்லையில் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நம்பி கேரட் போட்டேன். தழை முழங்கால் உயரம் வந்தது. ஐப்பசிக் கடைசியில் பிடுங்கினால் சுண்டுவிரல் அளவுதான். வெளுத்துப்போய், பாதி வெடித்துக் கிடக்கிறது. விதை போலியா? நாற்று விட்டு நட்டிருக்க வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

விதையைத் திட்டாதீர்கள். நாற்றும் வேண்டாம், பிடுங்கி நடும்போது ஆணிவேர் நுனி அறுந்தால் கிழங்கு கவட்டை விட்டுவிடும்.

எனக்குக் கோபம் அந்தப் பழமொழிமேல் இல்லை, அதை நீங்கள் பிடித்துக்கொண்ட விதத்தில்தான். பாரம்பரிய அறிவு என்று கொண்டாடுகிறீர்கள். ஒப்பிக்கிறீர்களே தவிர கணக்குப் போடுவதில்லை. ஆடிப்பட்டம் அவரைக்கும் புடலைக்கும் பூசணிக்கும் சொன்னது. கேரட்டை நினைத்து யார் சொன்னார்கள்?

கொள்ளிடத்துப் படுகையில் என் சின்னத் தாத்தா சாகுபடி செய்தார். எப்போது விதைக்கலாம் என்று போய் நின்றால், “எப்ப அறுக்கப் போறே?” என்றுதான் திருப்பிக் கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு விதை தர மாட்டார், பேரனாகவே இருந்தாலும். பழைய நீண்டகாலச் சம்பாவையாவது கொஞ்சம் முன்னால் விதைக்கலாம். பகல் குறையும்வரை பூக்காமல் காத்திருக்கும், வைக்கோல்தான் கூடும். கேரட் காத்திருக்காது.

அது ஏறக்குறைய நூறு நாள் பயிர். முன்பாதியில் தழை, பின்பாதியில் கிழங்கு. கிழங்கு பெருத்து நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். ஊட்டிக்காரருக்கு அது வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. நமக்கு மார்கழி, தை இரவுகள்தான் அதன் கிட்டே வருகின்றன. பின்பாதி அங்கே விழும்படி பின்னோக்கி எண்ணுங்கள், கார்த்திகையில் வந்து நிற்பீர்கள். உங்கள் கிழங்கு புரட்டாசிப் புழுக்கத்தில் பெருக்கப் பார்த்தது; சத்தெல்லாம் தழைக்குப் போனது. அப்புறம் ஐப்பசி மழையில் ஒரேயடியாக நீர் குடித்து வெடித்தது. தை வரை தள்ளினாலும் வம்புதான்: பங்குனி வெயிலில் கட்டையும் நாருமாகக் கிடைக்கும்.

சரி, மிச்ச விதை இருக்கிறதா? கார்த்திகை இப்போதுதான் பிறந்திருக்கிறது. மழை விட்ட இடைவெளியில் மேட்டுப்பாத்தி போட்டு நேராக விதையுங்கள். களிமண் என்றால் மணலும் நன்றாக மக்கிய எருவும் கலக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலாகலாம், அதுவரை மேல்மண் காயக் கூடாது. முளைத்தபின் நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். இருந்தாலும் பிடுங்குங்கள்.