பிரபஞ்சம், உயிர், மனிதன் தோன்றிய கதைக்கு எந்த ஆவணப்படத்தில் தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: பிரபஞ்சம், உயிர், மனிதன் மூன்றின் தோற்றத்தையும் சொல்லும் நல்ல ஆவணப்படங்கள் எவை, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எதிலிருந்து தொடங்குவது?

பெருவெடிப்பிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். முதலில் மனிதன், அப்புறம் உயிர், கடைசியில் பிரபஞ்சம். நான் மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே படம் போடுவேன். நட்சத்திர வெடிப்பை வாய் பிளந்து பார்ப்பார்கள், ஆனால் கேள்வி வராது. மனிதனைப் பற்றிய படம் என்றால் முதல் கால் மணி நேரத்திலேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும்.

அதிலும் ஒரு படம் நம் ஊருக்கே வந்திருக்கிறது. 2003-இல் வெளியான 'தி ஜர்னி ஆஃப் மேன்'. ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளர், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்கள் எந்த வழியாக உலகெங்கும் பரவினார்கள் என்று தேடிப் போகிறார். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்துச் சான் மக்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகள், மத்திய ஆசியா, சைபீரியாவின் சுக்சி மக்கள், அமெரிக்காவின் நவஹோ மக்கள் என்று போகும் அந்தப் பயணத்தில் மதுரைப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமமும் உண்டு.

ஏன் இங்கே வந்தார்? ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடலோரமாகவே நடந்து போயிருந்தால், வழியில் இந்தியாவில் தடயம் இருக்க வேண்டும். ஆனால் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்ததில் அந்தப் பழைய கரை முழுகிவிட்டது. மண்ணில் கிடைக்காததை ரத்தத்தில் தேடினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனோடு சேர்ந்து அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே வரும் ஒய் குரோமோசோமை இந்தப் பகுதி ஆண்களிடம் ஆராய்ந்தபோது, எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இருக்கும் அதே அடையாளம். இதற்கு ஏறத்தாழ 50,000 ஆண்டு வயது என்று கணக்கிட்டார்கள்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடுவேன். ஏனென்றால் இதைப் பற்றி ஊரில் பரவிய செய்தி வேறு மாதிரி. அந்த அடையாளம் இருந்த ஊர்க்காரர் ஒருவரைக் காட்டி, 'இந்தியாவின் முதல் மனிதர் இவர்தான்' என்றார்கள். சிலர் அதைச் சாதிப் பெருமையாகவும் பேசினார்கள். என் வகுப்பிலேயே ஒரு பையன், "அப்போ அவங்கதான் டீச்சர் மூத்த குடி?" என்று கேட்டான். பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா, அம்மா இரண்டு பேர். தாத்தா பாட்டிகள் நான்கு பேர். இப்படிப் பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 மூதாதையர் இடங்கள் வரும். அதில் ஒய் குரோமோசோமைத் தந்தவர் ஒரே ஒருவர். மீதி 1,023 பேரைப் பற்றி அந்த அடையாளம் வாயே திறக்காது. பத்துத் தலைமுறைக்கே இப்படி என்றால் 50,000 ஆண்டுக்கு யோசித்துப் பாருங்கள். எந்தச் சாதியும் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, எம்130 என்ற அடையாளத்தைத் தந்த மரபணு மாற்றம் நடந்துவிட்டது. அந்த வழியாகச் சிலர் வந்தார்கள், அவர்களின் தடம் இங்கே அழியாமல் இருக்கிறது. படம் காட்டுவது அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பெண் பிள்ளைகள் உடனே, "எங்களுக்கு ஒய் கிடையாதே, நாங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றார்கள். அருமையான கேள்வி. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை, படம் பழையது. நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத் தொகுதி 2010-இல்தான் வெளியானது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களிடம், நம்மையும் சேர்த்து, அவர்களின் மரபணு ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மொராக்கோவில் கிடைத்த எலும்புகள், 2017-இல் வெளியான ஆய்வில், நம் இனத்தின் வயதை ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுக்குத் தள்ளின. எந்த ஆவணப்படமானாலும் முதலில் அது வந்த ஆண்டைப் பாருங்கள்.

உயிருக்கு ஒரே ஒரு பரிந்துரை: டேவிட் அட்டன்பரோவின் 'ஃபர்ஸ்ட் லைஃப்', 2010, இரண்டே பகுதிகள். இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறையில் இருக்கும் சார்னியா என்ற புதைபடிவத்திலிருந்து தொடங்குகிறது. பெரணி இலை மாதிரி தோற்றம், ஆனால் செடி அல்ல, கடலடியில் வாழ்ந்த உயிர். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்கவே முடியாது என்று அப்போது நம்பினார்கள். 1956-இல் ஒரு பள்ளி மாணவி அதைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் சொன்னாள். ஆசிரியர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பள்ளி மாணவன் பார்த்துச் சொன்னபோதுதான் அறிவியல் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆசிரியராக இருக்கிறவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

சார்னியாவின் வயது சுமார் 56 கோடி ஆண்டு. யானைமலை, நாகமலையெல்லாம் நிற்கும் நம் பகுதிக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'மதுரை பிளாக்'. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இந்தப் பகுதிப் பாறைகள் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கடும் சூட்டில் உருமாறின. அங்கே கடலடியில் சார்னியா வாழ்ந்தது, இங்கே பாறை வெந்துகொண்டிருந்தது, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். யானைமலை இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மலையைப் பார்க்கிற பார்வையே மாறும்.

பிரபஞ்சத்துக்கு 'காஸ்மாஸ்'. கார்ல் சேகனின் 1980 தொடர், நீல் டிகிராஸ் டைசனின் 2014 தொடர், இரண்டுமே 13 பகுதிகள். பிள்ளைகளுக்கு 2014, நிதானமாகப் பார்க்கும் பெரியவர்களுக்கு 1980. இரண்டிலும் முதல் பகுதியில் பிரபஞ்சத்தின் மொத்த வயதையும் ஓர் ஆண்டு நாட்காட்டியாகச் சுருக்கிக் காட்டுவார்கள். சேகன் வயதை 1,500 கோடி என்று வைத்துக்கொண்டார், டைசனின் தொடரில் அது 1,380 கோடி. ஏன் மாறியது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம்.

அந்த நாட்காட்டியில் நம் ஊரைப் பொருத்திப் பார்ப்பது எங்கள் வகுப்பின் பிடித்தமான வேலை. ஒரு நொடிக்குச் சுமார் 437 ஆண்டு. மதுரைப் பாறைகள் உருமாறியது டிசம்பர் 17 வாக்கில் வருகிறது. எம்130 தோன்றியது டிசம்பர் 31 நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது. கீழடியின் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, கடைசி ஆறு நொடி. திருமலை நாயக்கர் மகால் எழுந்து இன்னும் ஒரு நொடிகூட ஆகவில்லை.

யூடியூபில் 'மனித இனம் குமரிக்கண்டத்தில்தான் தோன்றியது' என்று சொல்லும் காணொளிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றில் அடிக்கடி வரும் லெமூரியா, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த, கடலில் மூழ்கிய கண்டம் பற்றிய ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போனது. நம் மண்ணின் பழமைக்குக் கற்பனை தேவையே இல்லை. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது. நம் இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன் வேறொரு மனித இனம் செய்தவை.

ஒரு படம் நல்லதா என்று சோதிக்க நான் பார்ப்பது ஒன்றுதான். வயதோ தூரமோ சொல்லும்போது, 'இது எப்படித் தெரியும்' என்று கூடவே காட்டுகிறார்களா? காட்டினால் பிள்ளைகளை உட்காரவையுங்கள். வெறும் இசையும் கிராஃபிக்ஸும் என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆங்கிலம் வேகமாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் பேசிவிட்டுத் தொடருங்கள். ஒரு பகுதியை இரண்டு வாரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.